காப்பு நாளில் பூட்டி வைத்த மாத்திரை

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக்கூட்டிப் படிப்பேன். எழுதினால் வரி கோணலாகப் போகும், சொல்ல வந்தது கோணாது. ஆஸ்பத்திரி வாசலில் இட்லிக் கூடையோடு உட்கார்ந்தவள் இன்றைக்குப் பன்னிரண்டு மேஜை போட்ட மெஸ்ஸுக்குச் சொந்தக்காரி. யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. புருஷன் செத்த பிறகு அவர் வீட்டு ஆட்கள் என் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடற்கரைக்குப் போகிற பஸ் டிரைவர்கள் என் கடை வாசலில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். சிங்கப்பூரில் இருந்து வந்த ஒருத்தர் என் மீன் குழம்பைப் பாட்டிலில் அடைத்து விமானத்தில் கொண்டுபோயிருக்கிறார். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது.

முதலிலேயே சொல்லிவிட்டேன், சரி. இனிமேல் சொல்லப்போவது பெரும்பாலும் குமட்டுகிற சமாச்சாரம். அதில் என் பங்கும் இருக்கிறது.

டாக்டரம்மா என் கடைக்கு வரத் தொடங்கி ஐந்தாறு வருஷம் இருக்கும். ஆவூர்ப் பக்கத்துப் பழைய வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணம் கட்டவில்லை. அறுபதைத் தாண்டியும் என்னைப் போல முட்டியைப் பிடித்துக்கொண்டு படி ஏற மாட்டார். எச்.ஐ.வி. வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்தே வயதைக் கழித்தவர். ஆப்பிரிக்காவில் இரண்டு நாடு, பர்மா எல்லையில் ஒரு காடு, அப்புறம் ஏதோ ஒரு தீவு. பெயர்களைச் சொல்லியிருக்கிறார், என் வாயில் நுழையவில்லை. டாக்டர் இல்லாத ஊராகப் பார்த்துப் பார்த்துப் போயிருக்கிறார். கடைசியில் சொந்த மாவட்டத்துக்குத் திரும்பி, எங்கள் கடைத்தெருவில் இரண்டு அறையை வாடகைக்குப் பிடித்து, 'பொது மருத்துவம்' என்று மட்டும் போர்டு மாட்டினார். செவ்வாயும் வெள்ளியும் மணமேல்குடி, மீமிசல் பக்கம் போய்விடுவார். அந்த நோய்க்கு மருந்து சர்க்கார் சும்மா கொடுக்கிறது. அதை வாங்கப் போகாமல் ஒளிந்து கிடக்கிறவர்களைத் தேடிப் பிடித்து வாங்க வைப்பதுதான் அவர் வேலை.

"வெளிநாட்டுல ராணி மாதிரி இருந்துட்டு இங்க வந்து ஏன் டாக்டரம்மா இந்த வெயில்ல லோல்படுறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்க எந்த ராணி, மண்ணெண்ண விளக்குல ஊசி போடுவா? மீன் தலைய இங்கிட்டு வைங்கக்கா. எனக்குன்னு எடுத்து வைக்கச் சொன்னேன், எவனுக்குப் போட்டீங்க?"

அப்படித்தான் பேசுவார். மூன்று தடவை சோறு வாங்குவார். மீன் தலையை உறிஞ்சிச் சாப்பிடும்போது பக்கத்து மேஜைக்காரன் பார்த்தால், "என்ன சார், வேணுமா?" என்பார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

இனி என் சமையல்காரியைப் பற்றி. கடற்கரைக்காரி, நாற்பது வயது. புருஷன் வெளியூர் வெளியூராக வேலைக்குப் போனவன், இறந்துவிட்டான். ஒரே மகள் திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம் பின்வாசலில் வந்து நின்று வேலை கேட்டாள். நான் அப்போது நகரை மீனைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஆத்தா, இது நேத்து மீனு. ஒங்கள ஏமாத்திப்புட்டான்."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. என்னை ஏமாற்ற ஒருவன் பிறந்திருக்கிறானா? மோந்து பார்த்தேன். நேற்று மீன்தான். அப்போதே அரிவாள்மனையை அவள் பக்கம் நகர்த்திவிட்டேன். அவள் வந்த பிறகு என் குழம்பு இன்னும் ஒரு படி ஏறியது. அவள் கைப்பக்குவம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. கடை என்னுடையது, பெயர் எனக்குத்தான் வர வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

டாக்டரம்மா ஊரில் இருக்கிற நாளெல்லாம் வந்து சாப்பிடுவார். இவள் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்ப்பாள். இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை, தலையாட்டியதுகூட இல்லை. ஒருத்தரை ஒருத்தர் தெரியாது என்றுதான் நான் நினைத்தேன்.

சித்திரையில் எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். கட்டினால் பதினைந்து நாள். வெளியூர் போனவன் பொழுது சாயுமுன் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். மீன், கறி, முட்டை கிடையாது. கடைசி நாள் அன்னதானம் என் அடுப்பில்தான் வேகும். எத்தனையோ பெரிய ஆட்கள் அந்த உரிமையைக் கேட்டும் கமிட்டி எனக்குத்தான் கொடுத்து வந்தது, என் கடைச் சுத்தம் அப்படி. அதனால் காப்பு நாளில் என் அடுப்படிக்கு மட்டும் ஊரில் இல்லாத சட்டம் வைத்திருந்தேன். இங்கிலீஷ் மருந்து கூடாது. மாத்திரையில் மாட்டெலும்பைப் பொடி பண்ணிக் கலக்கிறார்கள் என்று பஸ்ஸில் யாரோ ஒருத்தி சொன்னதைக் கேட்டு வந்து போட்ட சட்டம். தலைவலி என்றால் சுக்கு, வயிற்றுவலி என்றால் ஓமம். என் பிரஷர் மாத்திரையையே நிறுத்திவிட்டுத்தான் மற்றவர்களுக்குச் சொல்வேன். அதில் எனக்கு ஒரு கர்வம்.

சொல்வதோடு விட மாட்டேன். வேலை செய்கிற ஐந்து பெண்களின் பையையும் வாங்கிப் பார்த்து, மருந்து எது இருந்தாலும் ஸ்டோர் ரூம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன். சாவி என் இடுப்பில் இருக்கும். சமையல்காரி பையில் ஒரு வெள்ளை டப்பா இருந்தது. மேலே ஒட்டியிருந்த தாளைச் சுரண்டி எடுத்திருந்தாள்.

"என்னடி இது?"

"சத்து மாத்திரை ஆத்தா. தெனம் ஒண்ணு திங்கணும். இத மட்டும் குடுத்துருங்களேன்."

"சத்து மாத்திரை பதினஞ்சு நாள் திங்காட்டி செத்தா போயிருவ?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். டப்பாவை உள்ளே வைத்துப் பூட்டினேன்.

அந்தப் பதினைந்து நாளும் அவள் எல்லோருக்கும் முன்னால் குளித்துவிட்டு வந்து அடுப்பு மூட்டினாள். அன்னதானத்துக்கு அவள் வைத்த சாம்பாரைக் கமிட்டிக்காரர்கள் வாளியோடு வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். காப்பு அவிழ்த்த மறுநாள் எல்லோர் மருந்தையும் திருப்பிக் கொடுத்தேன். நான் என் பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். அவள் டப்பாவை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போனாள். எனக்கு அதோடு மறந்துபோனது.

மூன்று வாரம் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாளாக வேலைக்கு வரவில்லை. நானே குழம்பு வைத்தேன். டாக்டரம்மா வந்து உட்கார்ந்து ஒரு கவளம் வாயில் வைத்ததும் நிமிர்ந்தார்.

"இன்னைக்கு யாரு வச்சது?"

"நாந்தான். ஏன், நல்லால்லையா? சமையக்காரிக்குக் காச்சல், படுத்துக் கெடக்குறா."

"எத்தன நாளா?"

"நாலு நாளா."

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவினார். அவர் பாதியில் எழுந்து நான் பார்த்ததே இல்லை. "நீங்க போய்ப் பாத்தீங்களாக்கா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. "நான் இப்ப சும்மாத்தான் இருக்கேன். காச்சல்னா ஒரு எட்டுப் பாத்துட்டு வரலாம், வாங்க" என்றார். இவ்வளவு பெரிய டாக்டர் என் வேலைக்காரியைப் பார்க்க வருகிறாரே, என் கடை மேல் எவ்வளவு மரியாதை என்று நான் பூரித்துப்போய் ஆட்டோவில் ஏறினேன். நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

அரிசி மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறை. பாயில் சுருண்டு கிடந்தாள். உதடெல்லாம் வெடித்து, வாய்க்குள் தயிர் ஒட்டினதுபோல வெள்ளை. டாக்டரம்மா என்னை வெளியே நிற்கச் சொன்னார். நான் தெருக் குழாயடியில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவள்தான் என்னைக் கூப்பிட்டாள். டாக்டரம்மா, "நீ சொல்லணும்னு இல்ல. சொல்லாட்டியும் பரவால்ல" என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆத்தா, எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. அவருகிட்டேருந்து வந்தது. நீங்க பூட்டி வச்சீங்கள்ல, அந்த மாத்திரதான் அதுக்கு."

"காப்பு அவுத்ததும் குடுத்தேனே, ஏன் திங்கல?"

"விட்டு விட்டுத் தின்னா கேக்காதுன்னு சொல்லியிருக்காங்க. விட்டுட்டேனா, டாக்டரம்மா ஏசுவாங்களேன்னு பயந்துக்கிட்டு மருந்து வாங்குற தேதிக்கும் போகல."

டாக்டரம்மா ஏசவில்லை. பழைய டப்பாவை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

நான் அப்போது என்ன செய்தேன் தெரியுமா? "அடிப் பாவி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று வாயால் சொன்னேன். மனசு வேறு கணக்குப் போட்டது. இந்தக் கை எத்தனை மீன் நறுக்கியிருக்கும், எத்தனை தடவை விரலை வெட்டிக்கொண்டிருக்கும், அந்த விரலால் எனக்கு எத்தனை தடவை காப்பி கொடுத்திருப்பாள்? வெளியே வந்து குழாயைத் திறந்து முழங்கை வரைக்கும் கழுவினேன். அவளை நான் தொடவே இல்லை. இருந்தும் கழுவினேன். டாக்டரம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் வரும்போது, "கேக்க நெனைக்கிறத எல்லாம் கேட்ருங்கக்கா" என்றார். கேட்டேன். சோற்றால் வராது, தண்ணீரால் வராது, ஒரே கழிவறைக்குப் போனால் வராது, விரல் வெட்டிய ரத்தம் குழம்பில் விழுந்தாலும் கொதிக்கிற குழம்பில் அந்தக் கிருமி நிற்காது என்று சொன்னார். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தத்தில் தேடினாலும் கிருமி கிடைக்காதாம். இவளுக்கு அந்த நிலை வந்துகொண்டிருந்ததாம். இந்த ஐந்தாறு வாரத்தில் கிருமி மருந்துக்குப் பழகிவிட்டதா என்பதைப் பிறகு ரத்தம் எடுத்துத்தான் பார்க்க வேண்டுமாம்.

"பழகியிருந்தா?"

"வேற மருந்துக்கு மாறணும். அதுவும் வேல செய்யாட்டி அப்புறம் என் கையில ரொம்ப இல்ல."

பட்டம் படித்தவர்களுக்குப் புரியாதது எனக்கு ஒரே தடவையில் புரிந்தது. அதையும் அங்கேயே பெருமையாக டாக்டரம்மாவிடம் சொன்னேன். சொன்னேன்தான், ஆனால் இரண்டு வாரத்தில் அவள் தேறி வேலைக்கு வந்த அன்று காலை, அவள் வருவதற்கு முன்னாலேயே ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தனியாக எடுத்து ஜன்னல் ஓரம் வைத்துவிட்டேன். "ஏத்தா, நீ இனிமே இதுலயே குடி, பாத்தரம் மாறிப்போகுது பாரு" என்றேன். அவள் டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சரி என்றாள்.

மத்தியானம் டாக்டரம்மா கை கழுவப் பின்பக்கம் போனவர் ஜன்னல் ஓரத்தைப் பார்த்துவிட்டார். என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, நான் எத்தனையோ ஊரு பாத்துட்டேன். சோளக் கூழு குடிக்கிற ஊரு, மூங்கில் குருத்துத் திங்கிற ஊரு. பாஷ வேற, சாமி வேற. எல்லா ஊருலயும் மொதல்ல தனியாப் போறது டம்ளருதான்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு போட்டுக் கலக்கிவிட்டேன். அன்றைக்கு எனக்கே என் மேல் வாந்தி வருகிற மாதிரி இருந்தது.

அதைத் துடைத்துக்கொள்ள நினைத்து நான் செய்ததுதான் இதைவிட மோசம்.

என் தங்கச்சியை உள்ளூரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை வெற்றிலை போட வருவாள். அவள் தன் மாமியாரை மூன்று மாசமாகக் கவனித்துக்கொள்கிற பெருமையைப் பேசிக்கொண்டே இருந்தாள். தாங்க முடியவில்லை. "நீ என்னடி பெருசாப் பாக்குற? நான் யார வச்சுச் சோறு போட்டுக்கிட்டு இருக்கேன்னு ஒனக்குத் தெரியுமா? எந்த நோவு வந்தவள அடுப்படியில வச்சிருக்கேன்னு தெரியுமா? எவளுக்கு இந்த மனசு வரும்?" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அக்கா, நீ தெய்வம்க்கா" என்றாள் தங்கச்சி. அதைக் கேட்கத்தானே சொன்னேன். கேட்டதும் குளிர்ந்துபோனது.

மறுவாரம் கமிட்டிக்காரர்கள் நாலு பேர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். ஆடி மாதக் கஞ்சி ஊற்றுவது பற்றிப் பேச என்றார்கள். முன்னால் வந்தவர் என் கொழுந்தன், புருஷனுடைய தம்பி. கூட ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், ஊரில் எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுக்கிறவர். மற்ற இருவரும் கொழுந்தன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவர்கள். அன்றைக்கு முரல் மீன் குழம்பு, நண்டு வறுவல். இலையை வழித்து வழித்துச் சாப்பிட்டார்கள். ஹெட்மாஸ்டர் நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சுகிற சத்தம் கல்லா வரைக்கும் கேட்டது. ரசத்துக்கு இலை பத்தவில்லை என்று கையில் ஏந்திக் குடித்தார். மோருக்கு வந்த பிறகுதான் கொழுந்தன் தொண்டையைச் செருமினார்.

"மதினி, ஒரு விஷயம் காதுல விழுந்துச்சு. ஒங்க கடையில இருந்த அந்தப் பொம்பளைக்கு ஏதோ வேண்டாத நோவுன்னு."

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? நல்ல வேள, நின்னுட்டாளாமே. காச்சல்னு வரலையாம்ல. அப்புடியே விட்ருங்க. திரும்ப வந்தான்னா சேக்காதீங்க. அம்மனுக்குக் கஞ்சி காச்சுற அடுப்பு."

ஹெட்மாஸ்டர் பல்லிடுக்கைக் குத்திக்கொண்டே, "படிச்சவன்கிற மொறையில சொல்றேன். விஞ்ஞானப்படி பாத்தாலும் உணவுத் தொழில்ல இப்படிப்பட்டவங்கள வச்சுக்கிறது ஆபத்து" என்றார்.

விஞ்ஞானமாம். ஒன்பது ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாய்.

"சார், நண்டு எப்புடி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"பிரமாதம்."

"அவதான் வச்சா. உள்ளதான் நிக்கிறா. இன்னும் ஒரு கரண்டி போடச் சொல்லவா?"

நாலு பேர் கையும் அப்படியே நின்றது. கொழுந்தன் முகம் சுண்டிப்போனது. ஹெட்மாஸ்டர் எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. பின்பக்கம் சாக்கடைக்கு ஓடி, இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டு, கண்ணில் நீர் வழிய வழிய வாந்தி எடுத்தார். உறிஞ்சிச் சாப்பிட்ட நண்டும் சோறும் மஞ்சளாக வெளியே வந்தது. வந்தது போதாது என்று மறுபடி விரலை விட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்த மற்ற ஜனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. நாற்பது வருஷம் எச்சில் இலையைப் பார்த்த எனக்கு எதுவும் குமட்டியதில்லை. அன்றைக்குக் குமட்டியது. வாந்தியைப் பார்த்து இல்லை, அந்த விரலைப் பார்த்து.

ஒரு பக்கெட் தண்ணீரும் விளக்குமாறும் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தேன். "கழுவிவிட்டுப் போங்க சார். என் கடையில எவளும் இத அள்ள மாட்டா" என்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கழுவினார். கொழுந்தன் வாசலில் நின்று, "கஞ்சிய வேற எடத்துல வச்சுக்கறோம் மதினி, இனிமே அன்னதானமும் இங்க இல்ல" என்றார். "கொண்டு போங்க" என்றேன்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஊர்க் கமிட்டியையே தலைகுனிய வைத்தேனே! உள்ளே போய் அவளிடம், "பாத்தியாடி, எப்புடிக் குடுத்தேன்னு?" என்றேன்.

அவள் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் மீன் இல்லை.

"அவங்களுக்கு எப்புடித் தெரியும் ஆத்தா?"

"ஆஸ்பத்திரியில யாராச்சும் சொல்லியிருப்பாங்க."

எழுபது வயதில் ஒரு பொய். யோசிக்கக்கூட இல்லை, நாக்கு தானாகச் சொன்னது. அவள் எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

பொழுது சாயுமுன் அறைக்காரன் அவளைக் காலி பண்ணச் சொல்லிவிட்டான். அந்தச் சேதியைக் கொண்டுவந்தது டாக்டரம்மா. அன்றைக்கு அவர் உட்காரவில்லை. கல்லாவுக்கு முன்னால் நின்றார்.

"என்கிட்ட வாரவங்க விஷயம் எங்கிட்டேருந்து வெளிய போனதில்ல. யாருக்கா சொன்னது?"

அவரிடம் பொய் வரவில்லை. தங்கச்சியிடம் சொன்னதைச் சொன்னேன்.

"எதுக்குச் சொன்னீங்க?"

"நான் அவள வச்சிருக்கேன்னு. நல்லதாத்தான் சொன்னேன் டாக்டரம்மா."

"அவ இங்க வந்து ரெண்டு வருஷமாச்சு, நானும் இங்கனதான் ஒக்காந்து சாப்புடுறேன். ஒரு நாளு அவ பக்கம் திரும்பிப் பாத்திருப்பேனா? எதுக்குன்னு நெனச்சீங்க? நான் வேல பாத்த ஒரு ஊருல, பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கையில, ரெண்டு நாளு நடந்து வேற ஊரு ஆஸ்பத்திரிக்கு வருவாங்க. தெரிஞ்ச மொகம் பாத்துரக் கூடாதேன்னு. கைப்புள்ளையோட நடந்து வருவாங்க." கல்லா மேஜையில் கையை ஊன்றிக் குனிந்தார். "ஒங்க பெருமைக்கு அவதானா கெடச்சா?"

என்னை இப்படி யாரும் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு நான் யாரையும் விட்டதில்லை.

"திருப்பூருக்குப் போறேங்குறா. போனா அங்கயும் மருந்து வாங்கிக்கலாம், நான் எழுதிக் குடுத்துருவேன். ஆனா இப்ப இருக்குற மனசுல வாங்கப் போவாளா, அதான் எனக்குத் தெரியல. இன்னொரு தடவ விட்டான்னா ரொம்பக் கஷ்டம்."

அப்போதே கடையை மற்ற பெண்களிடம் விட்டுவிட்டு அரிசி மில்லுக்கு நடந்தேன். அறை வாசலில் ஒரு பையும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் கட்டி வைத்திருந்தது. அவள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நாந்தான்டி சொன்னேன்" என்றேன். "எந்தங்கச்சிகிட்ட. ஆஸ்பத்திரிக்காரங்க சொல்லல."

"தெரியும் ஆத்தா. ஒங்க தங்கச்சி போன வாரமே வந்து, 'எங்கக்கா காலத் தொட்டுக் கும்புடு'ன்னுட்டுப் போச்சு."

தெரிந்தே அத்தனை நாளும் எனக்குக் குழம்பு வைத்திருக்கிறாள். தெரிந்தே, எப்படித் தெரியும் என்று என்னிடம் கேட்டிருக்கிறாள். வாசல்படியில் உட்கார்ந்தேன்.

"போகாதடி. மாடியில ரூம்பு சும்மாக் கெடக்கு. அங்கன இரு."

"எம்மக காலேசுக்குச் சேதி போயிருச்சுன்னா? நாளைக்கு அவள யாரு கட்டுவா? நான் செத்தாக்கூடக் காச்சல்ல செத்தேன்னு அவ சொல்லிக்கணும்னுதான் ஆத்தா நெனச்சேன். அந்தத் தாளச் சொரண்டிச் சொரண்டி என் நகமே தேஞ்சுபோச்சு."

"அவ காலேசுக்கு எவன் போறான்னு பாக்குறேன்."

"பாத்தீங்களா, இதான். ஒடனே சண்டைக்கு நிக்கிறீங்க." பாயை அப்படியே விட்டுவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். "நீங்க நல்லவங்கதான் ஆத்தா. நல்லவங்கன்னு நாலு பேருக்குச் சொல்லாம ஒங்களால இருக்க முடியல. நான் இருக்கணும்னா ஒண்ணு. என்னப் பத்தி இனிமே யாருகிட்டயும் எதுவும் சொல்லக் கூடாது. நல்லதாக்கூடச் சொல்லக் கூடாது. என் மாத்திரைய யாரும் தொடக் கூடாது, சாமியே வந்து கேட்டாலும்."

சரி என்றேன். அவள் நம்பவில்லை. அன்றைக்கு மாடியறைக்கு வந்தாள், ஆனால் பையைப் பிரிக்க ஒரு மாசம் ஆனது. எப்போது மாடிக்குப் போனாலும் அந்தப் பை கட்டியபடியே இருக்கும்.

ஊருக்கே தெரிந்த பிறகு இனி மறைக்க என்ன இருக்கிறது என்று, தினமும் காலை எட்டு மணிக்கு அடுப்படியில் எல்லோர் முன்னாலும் மாத்திரை போட்டுக்கொள்வாள். டப்பாவில் தாள் அப்படியே ஒட்டியிருக்கும். முதலில் மற்ற பெண்களில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். பாதி ஜனம் கடைக்கு வருவதில்லை. வராதவர்களில் சிலர் ஆட்டோக்காரனை அனுப்பி மீன் குழம்பு பார்சல் வாங்கிக்கொள்கிறார்கள். அந்த ஆட்டோக்காரனுக்கும் எனக்கும் எந்த வீட்டுக்குப் பார்சல் என்று நன்றாகத் தெரியும். ஆளைப் பார்த்தால் அருவருப்பு, குழம்பு மட்டும் வேண்டும். அதில் ஒன்று என் கொழுந்தன் வீடு. குழம்பை ஊற்றித் தரும்போது எனக்கு வருகிற கெட்ட வார்த்தையை எல்லாம் கரண்டியோடு விழுங்கிக்கொள்கிறேன். அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேனே.

ஆறு மாசம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். முடிவு வருகிற வரைக்கும் டாக்டரம்மா சாப்பிட வந்தால் நான் அவர் முகத்தையே பார்ப்பேன். அவர் வழக்கம்போல இலையைத்தான் பார்ப்பார். ஒரு வெள்ளிக்கிழமை, மீமிசலில் இருந்து திரும்பி வந்தவர் நேராக அடுப்படிக்குப் போனார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாசலைத் தாண்டினார். நான் பின்னால் போகவில்லை. உள்ளே போக எனக்கு உரிமை இல்லை என்று அன்றைக்குத் தோன்றியது. அவள் அழுகிற சத்தம் கேட்டது. பிறகு டாக்டரம்மா, "பழைய மருந்தே போதும். ரத்தத்துல கிருமி கெடைக்கவே இல்லயாம், தேடிப் பாத்துட்டாங்க. அழுவாத, குழம்பு அடிப்புடிக்குது பாரு" என்றது கேட்டது.

இதை நான் எழுதத் தொடங்கியது அவளுக்குத் தெரியாமல்தான். எழுதி முடித்ததும் வாக்கு உறுத்தியது. மாடிக்குக் கொண்டுபோய், "இத எழுதியிருக்கேன். வேண்டாம்னா அடுப்புல போட்டுருவேன்" என்றேன். படிக்கச் சொன்னாள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். அவள் ஊர்ப் பெயரை எடுக்கச் சொன்னாள். எங்கள் ஊர்ப் பெயரையும் எடுக்கச் சொன்னாள். புருஷன் என்ன வேலைக்குப் போனான் என்பதை எடுக்கச் சொன்னாள். மகளைப் பற்றி எழுதியிருந்ததில் ஒரு பொய்யைக் கலக்கச் சொன்னாள், கலந்திருக்கிறேன். எது என்று சொல்ல மாட்டேன்.

"அப்ப இருக்கட்டுமா?"

"காப்பு நாளுல மாத்திரைய நிறுத்தாதீங்கன்னு எழுதியிருக்கா?"

"அதத்தான எழுதியிருக்கேன்."

"அது இருக்கட்டும். இந்தச் சித்திரையிலயும் எவளாச்சும் டப்பாவக் குடுத்துட்டு நிப்பா."

கடைசியாக ஒரு முழுப் பக்கம் இருந்தது. ஊரே எதிர்த்தும் நான் அவளுக்கு இடம் கொடுத்தது, அன்னதான உரிமை போனபோதும் கலங்காமல் நின்றது, என்னைப் போல ஒருத்தி இந்த மாவட்டத்தில் கிடையாது என்றெல்லாம். நன்றாக வந்திருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன்.

அவள் பூண்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

கிழித்தேன். கிழிக்க எனக்கு மனசே இல்லை.